செவ்வரத்தையும் போகன்விலாவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வீட்டு முற்றங்களிலும், கோயில் நந்தவனங்களிலும், பாடசாலை வளவுகளிலும் அழகுக்கென வளர்க்கப்படும் செடிகள் பலவற்றுள் முதன்மை பெறுவன இரண்டு. ஒன்று செவ்வரத்தை, மற்றொன்று போகன்விலா. இரண்டும் தண்டுத்துண்டத்திலிருந்து எளிதில் வளர்வன. இரண்டும் வெயிலை விரும்புவன. இரண்டும் பல நிறங்களிற் பூத்துக் கண்ணைக் கவர்வன. இவ்வொற்றுமைகளைக் கண்டு இவ்விரண்டையும் ஒரே பாத்தியில் நட்டு, ஒரே அளவாக நீரும் எருவும் இட்டு வளர்ப்போர் பலர். அதன் பயனாகச் செவ்வரத்தை மொட்டுதிர்ந்து வாடும்; அல்லது போகன்விலா இலை மலிந்து பூவின்றி நிற்கும். இக்குறை செடியின் குறையன்று. செடியின் இயல்பை அறியாமையால் வரும் குறையே. ஆதலின் அவ்வியல்பு யாதென ஆராய்தல் பயனுடைத்து.

முதலில் இவற்றின் குலத்தை நோக்குவோம். தமிழகத்திற் செம்பருத்தி எனப்படும் செவ்வரத்தை, பருத்தியும் வெண்டியும் பூவரசும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. பூவின் நடுவே நீண்டு நிற்கும் குழாயும், அதனைச் சூழ்ந்த கேசரங்களும், நுனியில் ஐந்தாகப் பிரிந்த தம்பமும் குறிகளும் இவ்வுறவைக் காட்டும். சுவீடன் தேயத்துத் தாவரவியலறிஞராகிய இலின்னேயசு 1753ஆம் ஆண்டில் இதற்குச் 'சீன ரோசா' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். ஆயினும் இச்செடி காட்டுநிலையில் இயல்பாக வளர்வதாக எங்கும் அறியப்படவில்லை. தொன்றுதொட்டு மக்களாற் பேணப்பட்டு வந்த செடியாதலின், இதன் வகைகள் பல விதை கொள்வதுமில்லை. அம்பாள் வழிபாட்டிற்குரிய மலராகவும், தலைக்கு வைத்து முழுகும் இலையாகவும் சைவத் தமிழர் இல்லங்களில் இது நெடுங்காலமாக இடம் பெற்றுள்ளது.

போகன்விலாவோ தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. அந்திமந்தாரை இதன் நெருங்கிய உறவினமாகும். 1766ஆம் ஆண்டில் உலகைச் சுற்றப் புறப்பட்ட பிரெஞ்சுக் கடற்றலைவர் பூகன்வில் என்பாரின் கப்பல்களிற் சென்ற தாவரவியலறிஞர் கொமேர்சன், 1767இல் பிரேசிலின் இரியோ டி செனீரோவில் இச்செடியைக் கண்டு சேகரித்தார். அவருக்கு உதவியாளராய் ஆணுடை தரித்துச் சென்ற சான் பரே என்னும் பெண்மணி, உலகைச் சுற்றிவந்த முதற் பெண் எனப் போற்றப்படுகின்றார். கடற்றலைவரின் பெயரையே செடிக்குச் சூட்டி 1789இல் நூலில் வெளியிட்டவர் சுசியூ என்னும் பிரெஞ்சு அறிஞர்.

இனி இரண்டன் பூக்களையும் ஒப்பிடுவோம். வளர்ப்பு முறையின் இரகசியம் ஈண்டே அடங்கியுள்ளது.

செவ்வரத்தையின் நிறம் பூவின் அல்லிகளில் உள்ளது. அவ்வல்லிகள் அகன்றவை, மெல்லியவை, நீர் நிறைந்தவை. காலையில் விரியும் பூ பெரும்பாலும் ஒரு நாளிலேயே வாழ்வு முடித்துச் சுருண்டு விழும். எனவே நாள்தோறும் பூக்க வேண்டுமாயின் செடி நாள்தோறும் புதுத் தளிரும் புது மொட்டும் ஆக்குதல் வேண்டும். போகன்விலாவில் நாம் பூவெனக் கருதி வியப்பது உண்மையிற் பூவன்று. நிறம் பெற்ற பூவடியிலையே. மூன்று பூவடியிலைகளின் நடுவே, வெண்மை அல்லது இளமஞ்சள் நிறமுடைய மெல்லிய குழாய்களாகத் தோன்றுவனவே மெய்யான பூக்கள். காகிதம் போன்று உலர்ந்த தன்மையுடைய அவ்வடியிலைகள், பூக்கள் வாடிய பின்னரும் பல கிழமைகள் நிறங் குன்றாது நிற்கும். ஆகவே செவ்வரத்தை அன்றாடம் ஈட்டி அன்றாடம் செலவிடும் இல்லத்தைப் போன்றது. போகன்விலா ஒருமுறை தேடியதைப் பலநாள் வைத்தாளும் இல்லத்தைப் போன்றது. முன்னதற்கு இடையறாத வரவு வேண்டும். பின்னதற்குச் சிக்கனமே சிறப்பு.

நிறத்தின் வேதியியலிலும் இவை வேறுபடும். செவ்வரத்தையின் செம்மை அந்தோசயனின் என்னும் வகைப் பொருளால் வருவது. போகன்விலாவின் நிறம் பீற்றலெயின் என்னும் வேறு வகையால் வருவது; பீற்றூட்டுக் கிழங்கின் செம்மையும் இதனாலாயதே. இவ்விரு வகை நிறப்பொருள்களும் ஒரே தாவரத்தில் ஒருங்கே காணப்படுவதில்லை. செவ்வரத்தை இதழ்களைக் கொதிநீரில் ஊறவைத்து, அந்நீரில் தேசிக்காய்ச் சாறு விடின் செம்மை மிகும். தெளிந்த சுண்ணாம்பு நீர் விடின் பச்சை நிறம் தோன்றும். அமிலத்தையும் காரத்தையும் வேறுபடுத்தியறிய இதனினும் எளிய சோதனை மாணவர்க்கு வேண்டியதில்லை. போகன்விலாச் சாற்றிலே தேசிக்காய்ச் சாற்றினால் அத்தகைய தெளிவான மாற்றம் நிகழாது.

நீர்த்தேவையை இனி நோக்குக. செவ்வரத்தையின் இலைகள் அகன்று மென்மையாயிருத்தலின் அவற்றினூடாக வெளியேறும் நீர் மிகுதி. வேர்ப்புறத்து மண் என்றும் ஈரமாக இருத்தல் வேண்டும். ஆயினும் நீர் தேங்குதல் ஆகாது. கடுங் கோடையில் இரண்டொரு நாள் நீர் தவறினும் மொட்டுகள் விரியாமலே உதிரும். நீர் தேங்கி வேர்க்குக் காற்றுக் கிட்டாதபோதும் அவ்வாறே உதிருமாதலின், உதிர்வைக் கண்டவுடன் மேலும் நீர் ஊற்றாது, மண்ணைக் கிளறிப் பார்த்தே காரணந் துணிதல் வேண்டும்.

போகன்விலா வேரூன்றிய பின்னர் வரட்சியைத் தாங்கும். தாங்குவது மட்டுமன்று, வரட்சியே அதனைப் பூக்கத் தூண்டுகின்றது. பகற்பொழுது குறுகுதலும் அதற்குத் துணை செய்யும். யாழ்ப்பாணத்தில் ஆனித் திங்களிற் சுமார் 12 மணி 40 நிமிடமாக இருக்கும் பகல், மார்கழியில் சுமார் 11½ மணியாகக் குறைகின்றது. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையில் தழைத்த புதுக்கிளைகள், குறுகிய பகலும் மழை ஓய்ந்த உலர்நிலையும் ஒருங்கு கூடுந் தையிலும் மாசியிலும் நிறம் பொங்க நிற்பது இதனாலேயே. அக்காலத்தில் இரக்கங் கொண்டு நாள்தோறும் நீர் வார்ப்பின், செடி பூவை மறந்து தழையை வளர்க்கத் தலைப்படும். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே ஒருமுறை ஆழ நீர்விடுதல் முறையாகும்.

எருவிடுதலும் இவ்வாறே. செவ்வரத்தைக்கு மக்கிய மாட்டெருவையும் குழையையும் சிறிது சிறிதாக அடிக்கடி இடலாம். போகன்விலாவுக்கு நைதரசன் மிகுந்த எரு தழையையே பெருக்கும். மழைக்காலத் தொடக்கத்தில் ஓரளவு இட்டு அமைதல் நன்று. குடாநாட்டு மண் சுண்ணக்கல்லின் மேல் அமைந்ததாதலின், அதிலுள்ள இரும்பைச் செடிகள் எளிதிற் பெறமாட்டா. நரம்பு பச்சையாக நிற்க இளந்தளிர் மஞ்சளாவது இதன் அறிகுறி. செவ்வரத்தையில் இது பெரிதும் காணப்படும்; போகன்விலாவும் முற்றாகத் தப்புவதில்லை. மக்கிய இலைகுழைகளைத் தொடர்ந்து மண்ணோடு கலத்தல் இதனைத் தணிக்கும்.

வெயில் இரண்டிற்கும் வேண்டும். எனினும் செவ்வரத்தை சிறிது நிழலையும் பொறுக்கும். போகன்விலாவோ நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரமேனும் நேர்வெயில் பெறாவிடின் நன்கு பூவாது. இரண்டும் புதுக்கிளையிலேயே பூப்பனவாதலின் கவ்வாத்து இன்றியமையாதது. செவ்வரத்தையை அவ்வப்போது சிறிதளவாகவும், போகன்விலாவைப் பூத்து ஓய்ந்தபின் ஒருமுறை நன்றாகவும் வெட்டுதல் வேண்டும். போகன்விலாவின் இளவேர்கள் எளிதில் முறிவன. நாற்றை இடம் மாற்றும்போது வேரைச் சூழ்ந்த மண் குலையாது காத்தல் அவசியம். செவ்வரத்தையின் தளிர்களில் மாவு தூவியதுபோல வெண்பூச்சிகள் பற்றுதலுண்டு. பற்றிய நுனிகளைக் கிள்ளி எரித்துவிடின் பரவாது.

இவையெல்லாம் வெறும் அழகு பற்றிய செய்திகளல்ல. வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாதது யாழ்ப்பாணக் குடாநாடு. மழைநீர் சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடு இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர்ப் படையாகத் தங்குகின்றது. கிணறுகள் யாவும் அப்படையையே நம்பியுள்ளன. அளவுக்கு மிஞ்சி இறைப்பின் கீழிருக்கும் உவர்நீர் மேலெழும்; மிகையாக இட்ட எருவின் நைத்திரேற்று மழையோடு அதே நீரிற் கலக்கும். எனவே, வேண்டாத செடிக்கு வார்க்கும் ஒவ்வொரு வாளி நீரும் குடிநீரிலிருந்தே எடுக்கப்படுகின்றது. வேண்டாத செடிக்கு இடும் எருவும் அக்குடிநீரையே சென்றடைகின்றது.

ஆதலால் இடமறிந்து நடுதலே அறிவுடைமை. வாளியினின்று சிந்தும் நீரும் கழுவுநீரும் ஓடும் கிணற்றடி வாய்க்காலின் ஓரம் செவ்வரத்தைக்கு உரியது; சவர்க்கார நீர் மட்டும் மிகுதியாகச் சேராதவாறு பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். அடியிற் சருகும் ஓலையும் பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். நீர் சென்றடையாத வேலியோரமும் படலைப் பந்தலும் வெயில் காயும் மதிலும் போகன்விலாவுக்கு உரியன. முள்ளுடையதாதலின் சிறுவர் விளையாடும் இடத்திற்கு அது ஆகாது. வளவு சிறிதாயின் சாடியிலும் வைக்கலாம். வேர் நெருக்குண்ட நிலையிலும் அது நன்கு பூக்கும்.

இரண்டு செடிகளுக்கும் ஒரே அளவாக நீர் வார்ப்பவன் நடுநிலையாளன் போலத் தோன்றுவான். ஆயினும் ஒன்றைத் தாகத்தாலும் மற்றொன்றை மிகையாலும் அவன் வருத்துகின்றான். ஒவ்வொன்றின் இயல்பையும் கண்டறிந்து அதற்கேற்ப உதவுவதே மெய்யான பேணுதலாகும். தோட்டம் வைப்போர்க்கு மட்டுமன்றி, பல்வேறு இயல்புடைய மாணாக்கரை ஒரே வகுப்பில் வைத்து வளர்க்கும் ஆசிரியர்க்கும் இவ்வுண்மை பொருந்துவதாகும்.