முதலில் நிரம்பும் நாற்காலி

போடிநாயக்கனூரில் ஏலக்காய் யாருக்குப் போகும் என்பதைப் பணம் முடிவு செய்கிறது. ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்தில் வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் கொட்டி நிறமும் பருமனும் பார்ப்பார்கள். பிடித்தால் விலை கேட்பார்கள். கூடுதலாகக் கேட்டவருக்கு அந்த லாட். அதே ஊரில் 2012-இல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி ஒன்று இருக்கிறது. அங்கேயும் இடம் குறைவு, கேட்பவர் அதிகம். ஆனால் அங்கே விலை கேட்கக் கூடாது.

பணத்தை வெளியே நிறுத்திவிட்டு ஒரு பற்றாக்குறைப் பொருளைப் பங்கிடுவது எப்படி? டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-இல் சில பக்கங்களில் இதற்கு ஒரு விடை எழுதினார்கள். கல்லூரி அனுமதியும் கல்யாணப் பொருத்தமும் ஒரே கணக்குதான் என்றது அந்தக் கட்டுரை. இந்தத் துறைக்காக ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது 2012-இல், போடியில் கல்லூரி தொடங்கிய அதே ஆண்டில்.

இட ஒதுக்கீடு என்று பேச்செடுத்தால் தொலைக்காட்சி விவாதம் முழுக்கச் சதவீதம்தான். தமிழ்நாட்டின் 69, உச்ச நீதிமன்றம் 1992-இல் இந்திரா சாஹ்னி வழக்கில் வைத்த 50 என்ற வரம்பு, 1994-இல் அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் ஏறிய நம் மாநிலச் சட்டம். எல்லாம் முக்கியம்தான். ஆனால் அந்த எண்களை அப்படியே வைத்துக்கொண்டு, நாற்காலிகளை நிரப்பும் வரிசையை மட்டும் மாற்றினால் உட்காரும் ஆட்கள் மாறிவிடுவார்கள். இதைப் பற்றி யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். பத்து இடங்கள். ஐந்து எல்லோருக்கும் பொது, ஐந்து மலையூர்ப் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். ரேங்க் பட்டியலில் மலையூர்ப் பிள்ளைகள் 2, 4, 7, 9, 11, 12, 13 ஆகிய இடங்களில் இருக்கிறார்கள். மற்ற ரேங்க்குகளில் மற்றவர்கள். பொது இடங்களை முதலில் நிரப்பினால் முதல் ஐந்து ரேங்க்காரர்கள் உள்ளே வருவார்கள். அவர்களில் 2, 4 இருவரும் மலையூர்க்காரர்கள். பிறகு ஒதுக்கீட்டு இடங்களுக்கு 7, 9, 11, 12, 13. மொத்தம் ஏழு மலையூர்ப் பிள்ளைகள். இப்போது வரிசையைத் திருப்புங்கள். ஒதுக்கீட்டு இடங்கள் முதலில்: 2, 4, 7, 9, 11 அங்கேயே முடிந்துபோவார்கள். பொது இடங்கள் 1, 3, 5, 6, 8-க்கு. மலையூர்ப் பிள்ளைகள் ஐந்து பேர் மட்டும். ஒதுக்கீடே இல்லாமல் முதல் பத்து ரேங்க்கை எடுத்திருந்தால்கூட நான்கு பேர் வந்திருப்பார்கள். ஐம்பது சதவீதம் என்று பலகையில் எழுதிவிட்டு, ஒரே ஒருவருக்கு மட்டும் கூடுதலாக இடம் கொடுக்க முடியும். சதவீதம் மீறப்பட்டதாக யாரும் சொல்லவும் முடியாது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பள்ளிகளில் இது நிஜமாகவே நடந்தது. நடந்து போகும் தூரத்தில் வீடு உள்ள பிள்ளைகளுக்குப் பாதி இடம் என்று 1999 முதல் விதி. அந்த இடங்களை முதலில் நிரப்பியதால், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளில் குலுக்கல் எண் நன்றாக விழுந்தவர்கள் அதிலேயே அடங்கிவிட்டார்கள். விதியே இல்லாதிருந்தால் கிடைத்திருக்கும் முடிவுக்கு மிக அருகில்தான் கிடைத்த முடிவும் இருந்தது. ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டிய பிறகு 2013-இல் அந்த முன்னுரிமையையே நகரம் கைவிட்டது. நம் வீட்டுப் பிள்ளைகளைத் தொடும் உதாரணமும் உண்டு. ஹெச்1பி விசாவில் பொதுவாக 65,000, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு 20,000. 2019-இல் இந்த எண்களைத் தொடாமல், பொதுக் குலுக்கலை முதலுக்கு மாற்றினார்கள். அதனால் மட்டும் மேற்படிப்பு முடித்தவர்களின் எண்ணிக்கை 16 சதவீதம் வரை கூடலாம் என்று அந்நாட்டு அரசே கணக்கிட்டது.

இந்தியாவில் சாதிவாரி ஒதுக்கீட்டுக்கு வரிசை நீதிமன்றத் தீர்ப்புகளால் உறுதியாகியிருக்கிறது: பொது இடமே முதலில். மதிப்பெண்ணால் பொது இடத்துக்கு வந்த பிசி மாணவரையோ எஸ்சி மாணவரையோ ஒதுக்கீட்டுக் கணக்கில் எழுதக் கூடாது. பொது இடம் என்பது முன்னேறிய சாதிகளுக்கான தனிப் பங்கு அல்ல என்று 2020 டிசம்பரில் சவுரவ் யாதவ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘ஓசி சீட்’ என்ற சொல்லை இன்றும் பலர் தங்கள் சாதிக்கு எழுதி வைத்த சொத்து போலத்தான் உச்சரிக்கிறார்கள்.

இந்த வரிசைச் சிக்கல் ஒரு காலத்தில் நம் மாநிலத்தில் கிடையாது. பழைய வகுப்புவாரி ஆணையில் ஒவ்வொரு 14 இடமும் முழுதாகப் பிரிக்கப்பட்டிருந்தது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறிஸ்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. பொது இடம் என்று ஒன்றும் இல்லை. அறைகள் ஒன்றோடொன்று கலக்காதபோது எந்த அறையை முதலில் நிரப்பினாலும் விடை ஒன்றுதான். அந்த ஆணையை எதிர்த்த வழக்கில் செண்பகம் துரைராஜனின் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். அவருடையது மருத்துவக் கல்லூரி. கூடவே வழக்குத் தொடுத்த சி.ஆர். சீனிவாசன் கேட்டது கிண்டி பொறியியல் கல்லூரி இடத்தை. 1951 ஏப்ரலில் ஆணை விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் முதல் அரசியல் சட்டத் திருத்தம் 15(4) பிரிவைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் பொது இடமும் ஒதுக்கீடும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன. எதை முதலில் நிரப்புவது என்ற கேள்வியும் வந்தது.

ஐஐடிகளில் இந்தக் கேள்வி இன்னொரு மடிப்பு மடிந்திருக்கிறது. 2015 முதல் ஐஐடி, என்ஐடி இடங்கள் ஒரே கூட்டுக் கலந்தாய்வில் போகின்றன. அதன் உள்ளே ஓடுவது கேல்–ஷாப்லி முறையின் வழித்தோன்றல். ஒரு மாணவி தன் முதல் விருப்பத்தைக் கேட்பாள். இடம் தற்காலிகமாகத்தான் கொடுக்கப்படும். அவளைவிட நல்ல ரேங்க் உள்ளவர் அதே இடம் கேட்டால் அவள் அடுத்த விருப்பத்துக்கு நகர்வாள். ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் முதலில் பொது இடம், பிறகு அவளுடைய பிரிவு இடம் என்று இயந்திரமே கேட்டுக்கொள்ளும். ஓபிசி இடங்கள் நிரம்பாமல் மிஞ்சினால் அவை பொதுவுக்கு மாறும். மாறினால், அதற்குள் தள்ளப்பட்ட யாரோ ஒருவருக்கு அந்த இடம் முன்பே சேர்ந்திருக்க வேண்டும் அல்லவா? அதனால் புதிய எண்ணிக்கையோடு முழுக் கணக்கையும் மறுபடி முதலிலிருந்து ஓட்டுகிறார்கள். மிச்சம் இல்லாமல் தீரும்வரை. எனக்கு இந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது. இந்த முறையில், “கிடைக்கிற காலேஜை முதல்ல போடுடா” என்று சாய்ஸ் ஃபில்லிங் நேரத்தில் வரும் மாமாக்களின் யோசனையைக் கேட்க வேண்டியதில்லை. பிடித்ததைப் பிடித்த வரிசையில் எழுதுவதே நல்லது.

அடுத்தது பின்னம். போடி மலைச்சரிவின் பளியரும் முதுவரும் பழங்குடியினர். தமிழ்நாட்டில் அவர்கள் பங்கு 1 சதவீதம். 60 இடமுள்ள பாடப்பிரிவில் அது 0.6 மாணவர். 40 இடமுள்ள பிரிவில் 0.4. அரைக்கு மேல் ஒன்று, கீழே பூஜ்யம் என்று பிரிவுவாரியாக முழுமைப்படுத்தினால், 60 இடப் பிரிவுகள் ஐந்தில் ஐந்து பழங்குடி மாணவர்கள். 40 இடப் பிரிவுகள் ஐந்தில் ஒருவரும் இல்லை. மொத்தத்தை அலகாக எடுத்தால் 300-க்கு மூன்று, 200-க்கு இரண்டு. பல்கலைக்கழக ஆசிரியர் பணியில் துறைதான் அலகு என்று 2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு எதிர்ப்பு கிளம்பியது இதற்காகத்தான். 2019-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டு நிறுவனத்தையே அலகாக்கியது. தமிழ்நாட்டு அரசுப் பணியில் எந்த இடம் எந்தப் பிரிவுக்கு என்று சொல்லும் இனச்சுழற்சிப் பட்டியல் 200 புள்ளிகளாக நீண்டதற்கும் காரணம் பின்னம்தான். முஸ்லிம்களுக்கான 3.5 சதவீதம் நூறில் அடங்காது. இருநூறில் ஏழாக உட்கார்ந்துகொள்ளும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீதம் வந்தது. அது இந்த எல்லாப் பிரிவுகளையும் குறுக்கே வெட்டிச் செல்வதால் பின்னங்கள் இன்னும் சிறிதாகும்.

எண்ணும் வரிசையும் சரியாக இருந்தாலும், கணக்கு எந்த மண்ணில் போடப்படுகிறது என்பது பாக்கி. போடியிலிருந்து விடியுமுன் ஜீப்புகள் போடிமெட்டு ஏறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களைக் கொண்டுபோகின்றன. பல குடும்பங்கள் தலைமுறைகளுக்கு முன்பே மேலே தங்கிவிட்டன. அவர்களில் பலர் தலித்துகள். பட்டியல் சாதி என்பது மாநிலவாரியான பட்டியல். குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள் 1950 ஆகஸ்ட் 10. அந்த நாளுக்கு முன்பே குடும்பம் அங்கே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட முடியாதவர்களுக்குக் கேரளத்தில் சாதிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. ஆந்திரத்திலிருந்து பம்பாய்க்குப் போன ஒரு பழங்குடி மாணவரின் மருத்துவக் கல்லூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல் இதை உறுதி செய்துவிட்டது: குடிபெயர்ந்த மாநிலத்துக்கு ஒதுக்கீடு கூடவே வராது.

ஆனால் சொந்த மாநிலத்துப் பட்டியலை வைத்து வாங்கிய சான்றிதழ் மத்திய அரசு நிறுவனங்களில் செல்லும். ஆகவே சாந்தம்பாறைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் வளரும் ஒரு தமிழ் மாணவி, தந்தைவழி ஊரின் சான்றிதழைக் காட்டி ஐஐடியில் எஸ்சி இடத்துக்குப் போட்டியிடலாம். வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் கேரள அரசுப் பொறியியல் கல்லூரியில் அவள் பொதுப் பிரிவு.