பேட்டரியைக் கவனிப்பது யார்?

ஒன்பதாம் வகுப்பில் கணினியின் பாகங்களை நடத்திக்கொண்டிருந்தேன். மேசையில் மடிக்கணினி சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தது. "பேட்டரி நிறைஞ்சதும் சார்ஜை யார் சார் நிறுத்துறாங்க?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இயங்குதளம்தான்" என்றேன். "ஆஃப் பண்ணி வச்சாலும் சார்ஜ் ஏறுதே, சார்?" என்றாள். என் விடை தவறு. மறுநாள் வகுப்பில் அதை ஒப்புக்கொண்டு விளக்கினேன்.

கணினியை அணைத்த பிறகும் விழித்திருக்கும் சிறிய சில்லு ஒன்று தாய்ப்பலகையில் உண்டு. அதில் தயாரிப்பாளர் பதித்துத் தரும் நிரலே நிலைபொருள், ஃபர்ம்வேர் என்பார்கள். சார்ஜ் ஏற்றுவதைக் கவனிப்பது அதுதான்.

லித்தியம் அயனி பேட்டரியை எப்போதும் 100 விழுக்காட்டிலேயே வைத்திருந்தால் அது விரைவில் தளர்ந்துவிடும். நம் பள்ளி மடிக்கணினிகள் பெரும்பாலும் மின்இணைப்பிலேயே இருப்பவை. 80 விழுக்காட்டில் நிறுத்தச் சொன்னால் அவை கூடுதல் காலம் உழைக்கும். ஆனால் நிலைபொருளிடம் அதை எப்படிச் சொல்வது?

அதற்கான வழியைத் தருவது சாதன இயக்கி, அதாவது டிரைவர். லினக்ஸில் இந்த இயக்கி, 'சார்ஜ் கன்ட்ரோல் எண்ட் த்ரெஷோல்ட்' என்ற பெயரில் ஒரு கோப்பைக் காட்டுகிறது. நிர்வாகி உரிமையுள்ளவர் அதில் 80 என்று எழுதினால், இயக்கி முதலில் அந்த எண் சரியானதா என்று பார்க்கும். 150 என்று எழுதினால் ஏற்காது. சரியான எண்ணை நிலைபொருளுக்குப் புரியும் கட்டளையாக மாற்றி அனுப்பும். சார்ஜை நிறுத்தும் வேலை நிலைபொருளுடையது.

வங்கியில் பணம் எடுக்கும் சீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் சீட்டை நிரப்புகிறோம். காசாளர் சரிபார்த்துப் பணம் தருகிறார். பெட்டகத்தை நாம் தொடுவதில்லை.

நிலைபொருளின் கட்டளைகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் லினக்ஸில் திங்க்பேடுக்கு ஓர் இயக்கி, ஆசஸுக்கு வேறோர் இயக்கி. ஆனால் இரண்டும் காட்டும் கோப்பின் பெயர் ஒன்றே. பயன்படுத்துபவர் உள்ளே நடப்பதை அறிய வேண்டியதில்லை. இந்த வசதியை நிலைபொருள் தராத மடிக்கணினியில், இயக்கியை மட்டும் சேர்த்துப் பயனில்லை.

வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். மடிக்கணினியை முழுவதும் அணைத்துவிட்டு மின்இணைப்புக் கொடுங்கள். சார்ஜ் விளக்கு எரியும். "இப்போது வேலை செய்வது யார்?" என்று கேளுங்கள். வன்பொருள், நிலைபொருள், இயக்கி, இயங்குதளம் என்ற வரிசையை மாணவர்களே கரும்பலகையில் எழுதட்டும். அன்று நான் அவசரப்பட்டுச் சொன்ன விடையை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.