மரத்தில் செதுக்கிய மழை

ஜப்பானின் பிவா ஏரிக் கரையில், ஓட்சு நகரில், கரசாக்கி என்ற சிறிய ஷின்டோ கோயில் இருக்கிறது. அங்கிருந்த பைன் மரம் நாடறிந்தது. அந்த மரத்தை இரவு மழையில் நனைய விட்டு, 1834-ஐ ஒட்டி ஓவியர் ஹிரோஷிகே ஒரு படம் தந்தார். ‘ஓமியின் எட்டுக் காட்சிகள்’ என்ற வரிசையில் வந்த மரப்பலகை அச்சு அது. தாள் முழுக்க மரத்தின் கருமை பரவியிருக்கிறது. அதன்மேல் மழைக் கோடுகள் நெருங்கி நெருங்கி இறங்குகின்றன.

அந்தக் கோடுகள்தாம் இந்தக் கலையின் கடினமான வேலை. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். செதுக்குபவர் அதைக் காட்டுச் செர்ரிப் பலகையில் கவிழ்த்து ஒட்டுவார். ரப்பர் முத்திரையைப் போல இங்கும் மேடாக நிற்பது மட்டுமே பதியும். ஆகவே ஒரு கோடு வேண்டுமென்றால் அதன் இரு பக்கமும் கத்தியால் கீறி, சுற்றியுள்ள மரத்தை உளியால் எடுத்துவிட வேண்டும். தூரிகையின் ஒரே இழுப்பில் விழும் மழைத்தாரை, பலகையில் மயிரிழை வரப்பாக முறியாமல் நிற்க வேண்டும். செர்ரி மரத்தின் உறுதியும் நெருக்கமான இழையும் அதற்கு இடம் கொடுக்கின்றன.

அடுத்து அச்சிடுபவர். நிறத்துக்கொரு பலகை. நிறங்கள் விலகாமலிருக்க ஒவ்வொரு பலகையிலும் ‘கென்டோ’ என்ற அடையாள வெட்டு உண்டு. தாளின் மூலை அதில் பொருந்தும். கோசோ மரப்பட்டையில் செய்த ஈரத்தாளைப் பலகைமேல் பரப்பி, மூங்கில் மடல் போர்த்திய ‘பரேன்’ என்னும் வட்டத் தட்டால் தேய்ப்பார். வானம் மேலே இருண்டு கீழே வெளுப்பதற்கு, பலகையிலேயே சாயத்தைக் கையால் துடைத்து மங்கச் செய்வார். இதற்குப் ‘பொகாஷி’ என்று பெயர். கைவேலை என்பதால் ஒரு பிரதியின் இருள் இன்னொன்றில் அப்படியே அமையாது.

1857-இல் ஹிரோஷிகே ஷின்-ஓஹாஷி பாலத்தின் திடீர் மழையை வரைந்தபோது, மழைக்கென்றே இரண்டு பலகைகள் வெட்டினார்கள். இரண்டிலும் கோடுகளின் சாய்வு சற்றே வேறு. ஒன்று அடர்த்தி, மற்றது வெளிர். இரண்டும் குறுக்கிடும்போது மழைக்கு ஆழம் வந்துவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் பதிப்பாளர் வத்தனபே ஷோசபுரோ இந்தக் கூட்டுமுறைக்குப் புத்துயிர் கொடுத்தார். அவருக்காகக் கவாசே ஹசுயி மழையிலும் பனியிலும் கோயில்களை வரைந்தார். 1923 நிலநடுக்கத் தீயில் அச்சுப் பலகைகள் எரிந்த பிறகும் இருவரும் தொழிலைத் தொடர்ந்தார்கள்.

படத்தில் பெரும்பாலும் ஓவியர் பெயரே பெரிதாக இருக்கும். ஆனால் கரசாக்கியில் பெய்யும் மழை, அதைச் செதுக்கியவருக்கும் அச்சிட்டவருக்கும் சம உரிமையுள்ள மழை.