பூஜ்ஜியமா, காலிக் கட்டமா?

இடைப்பருவத் தேர்வு முடிந்ததும் தேர்வு முடிவுப் பகுப்பாய்வு தயாரிப்பது நம் எல்லோருக்கும் உள்ள வேலை. வகுப்புச் சராசரி, தேர்ச்சி விழுக்காடு, மெல்லக் கற்போர் பட்டியல் என்று மூன்று நான்கு தாள்கள். பல ஆண்டுகளாக நான் இதைக் கணினியில்தான் செய்துவருகிறேன். ஒருமுறை மெல்லக் கற்போர் பட்டியலை வகுப்பில் வாசித்தபோது ஒரு மாணவி எழுந்து நின்றாள். "சார், நான் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லையே. எனக்கு எப்படிப் பூஜ்ஜியம் வந்தது?" என்று கேட்டாள்.

அது ஆடி மாதம். திருத்தணியில் ஆடிக் கிருத்திகையை ஒட்டிச் சில நாள்கள் ஊரே மலையடிவாரத்தில்தான் இருக்கும். பூக்கடை, தேங்காய் பழக்கடை வைத்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் விடுமுறைக்கு முன்னும் பின்னும் கடையில் நிற்பார்கள். அவளும் அப்படித்தான் நின்றிருக்கிறாள். மதிப்பெண் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'ஏபி' என்றுதான் எழுதியிருந்தேன். கணினியில் அதைப் பூஜ்ஜியமாக மாற்றியவன் நான்தான். ஏன் மாற்றினேன் என்று சொல்லத் தொடங்கினால், புள்ளியியல் கணக்கீட்டுக்கென்று கிடைக்கும் கூடுதல் மென்பொருள் தொகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும்.

எக்செல்லில் உள்ள தொகுப்பு

கூடுதல் தொகுப்பு என்பது ஒரு மென்பொருளோடு பிறகு சேர்த்துக்கொள்ளும் சிறு நிரல்களின் கூட்டம். அடிப்படை மென்பொருளில் இல்லாத வேலைகளை அது செய்யும். நம் ஆய்வகக் கணினிகளில் எக்செல் இருந்தால் இப்படி ஒரு தொகுப்பு அதற்குள்ளேயே காத்திருக்கிறது. அதன் பெயர் அனாலிசிஸ் டூல்பாக். ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று சென்று, கீழே உள்ள 'கோ' பொத்தானை அழுத்தி, அதன் பெயருக்கு எதிரே டிக் செய்தால் போதும். டேட்டா பட்டியில் 'டேட்டா அனாலிசிஸ்' என்று ஒரு புதிய பொத்தான் வந்துவிடும். அதில் 'டிஸ்கிரிப்டிவ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் சராசரி, இடைநிலை அளவு, முகடு, திட்ட விலக்கம், வீச்சு உட்பட 13 அளவுகள் ஒரே பட்டியலாகக் கிடைக்கும். கட்டணமில்லா மென்பொருளான லிப்ரே ஆபிஸ் கால்க்கில் இதே வசதி டேட்டா பட்டியின் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிரிவில் உள்ளது.

நானும் மகிழ்ச்சியோடு இதைப் பயன்படுத்தினேன். ஆனால் மதிப்பெண்களுக்கு நடுவே 'ஏபி' என்ற எழுத்து இருந்ததால், எண் அல்லாத ஒன்று இருக்கிறது என்று சொல்லி டூல்பாக் நின்றுவிட்டது. பகுப்பாய்வை அன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும். ஏபி என்று இருந்த இடங்களில் எல்லாம் 0 என்று தட்டினேன். கணக்கு ஓடியது. மாணவியும் மெல்லக் கற்போர் ஆனாள்.

இதனால் என்ன கெட்டுப்போகும்? 10 பேர் உள்ள ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். எட்டுப் பேரின் மதிப்பெண்கள் 62, 58, 71, 45, 66, 54, 80, 44. இருவர் வரவில்லை. எழுதியவர்களின் சராசரி 60. வராத இருவருக்கும் பூஜ்ஜியம் போட்டால் சராசரி 48. ஒரு பிள்ளையின் விடைத்தாளும் மாறவில்லை. ஆனால் நன்றாகப் படித்த வகுப்பு பின்தங்கிய வகுப்பாகிவிட்டது.

ஆர் மொழியும் அதன் தொகுப்புகளும்

இதன் பிறகுதான் கணினி ஆசிரியர் ஒருவரின் உதவியோடு 'ஆர்' என்ற மென்பொருளைக் கற்கத் தொடங்கினேன். இது புள்ளியியலுக்காகவே உருவான கணினி மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்கா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரு ஆசிரியர்கள் 1990களின் தொடக்கத்தில் இதை உருவாக்கினார்கள். இருவரின் பெயருக்கும் முதல் எழுத்து ஆர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1976இல் பிறந்த 'எஸ்' என்ற மொழியைப் பின்பற்றியது என்பதும் இந்த ஓரெழுத்துப் பெயருக்கு ஒரு காரணம். ஆர் மொழியின் முதல் முழுப் பதிப்பு 2000 பிப்ரவரி 29 அன்று வெளியானது. அன்றும் இன்றும் யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இதன் பெரிய பலம் கூடுதல் தொகுப்புகள். உலகெங்கும் உள்ள ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் தாங்கள் எழுதிய தொகுப்புகளைப் பொதுவில் வைக்கிறார்கள். அவற்றைச் சேமிக்க 1997இல் ஆஸ்திரியாவின் வியன்னாவில் 'க்ரான்' என்ற களஞ்சியம் தொடங்கப்பட்டது. இன்று அதில் 20,000க்கும் மேற்பட்ட தொகுப்புகள் உள்ளன. நமக்கு நான்கைந்து போதும். எக்செல் தாளை உள்ளே கொண்டுவர ரீட்எக்ஸ்எல், அட்டவணைகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் டிப்ளையர், வரைபடம் வரைய ஜிஜிபிளாட்2, தேர்வு வினாக்களை ஆராய சைக்.

ஒரு தொகுப்பை நிறுவுவதும் அழைப்பதும் வேறு வேறு வேலைகள் என்பது தொடக்கத்தில் என்னைக் குழப்பியது. பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் பாடம் நடத்தும் ஒவ்வொரு நாளும் அதை அலமாரியிலிருந்து எடுத்துவர வேண்டும். தொகுப்பும் அப்படித்தான். நிறுவும்போது மட்டும் இணையம் வேண்டும். ஆர் மொழியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் 'லைப்ரரி' என்ற கட்டளையால் தொகுப்பை அழைக்க வேண்டும்.

காலிக் கட்டத்துக்கு மூன்று பதில்கள்

என் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். ஏபி என்று எழுதிய கட்டத்தை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகப் பார்க்கிறது. எக்செல்லின் சாதாரண ஆவரேஜ் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மற்றவர்களுக்குச் சராசரி காணும். எத்தனை பேரை விட்டது என்று சொல்லாது. டூல்பாக் பிழை என்று சொல்லி நின்றுவிடும். ஆர் மொழி மூன்றாவது வழியைக் காட்டுகிறது. ஏபி என்றால் கிடைக்காத மதிப்பு என்று ரீட்எக்ஸ்எல்லிடம் முன்பே சொல்லிவிட்டால், அந்த இடத்தில் 'என்ஏ' என்று பதிந்துகொள்ளும். பிறகு சராசரி கேட்டால் அதுவும் 'என்ஏ' என்றே பதில் தரும். அதாவது, இரண்டு பேரின் மதிப்பெண் தெரியாதபோது வகுப்பின் சராசரி எனக்குத் தெரியாது என்கிறது. அவர்களை விட்டுவிட்டுக் கணக்கிடு என்று நாம் வெளிப்படையாகச் சொன்னால்தான் 60 என்று தரும்.

முதலில் இது தொல்லையாகத் தெரிந்தது. பிறகுதான் அதன் நேர்மை புரிந்தது. யாரை விட்டுவிடுகிறோம் என்பது ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவு. அதை மென்பொருள் நமக்குத் தெரியாமல் எடுக்கக் கூடாது. இப்போதெல்லாம் என் பகுப்பாய்வில் "சராசரி 60, எழுதியவர் 8, வராதவர் 2" என்று மூன்றையும் சேர்த்தே எழுதுகிறேன். வராதவர்களுக்கென்று தனித் தாள் வைத்து, ஏன் வரவில்லை என்றும் குறித்துக்கொள்கிறேன். தேர்வைத் தவறவிட்ட பிள்ளைக்கு வேண்டியது மறுதேர்வு. மெல்லக் கற்போர் வகுப்பு அல்ல.

விடுபட்ட மதிப்புகளை ஊகித்து நிரப்பும் மைஸ் போன்ற தொகுப்புகளும் உண்டு. பெரிய கணக்கெடுப்பு ஆய்வுகளில் அவற்றுக்கு இடம் உண்டு. தனி ஒரு மாணவரின் மதிப்பெண்ணை அப்படி நிரப்பக் கூடாது.

நாம் படித்த வினாப் பகுப்பாய்வு

பி.எட். படிப்பில் கடினத்தன்மைக் குறியீடு, பிரித்தறியும் திறன் குறியீடு என்று படித்திருப்போம். மேல் 27 விழுக்காட்டினரையும் கீழ் 27 விழுக்காட்டினரையும் பிரித்து ஒவ்வொரு வினாவுக்கும் கணக்கிட்டு, ஒரு ரெக்கார்டு எழுதிக் கொடுத்ததோடு சரி. 40 பேருக்கும் 30 வினாக்களுக்கும் கையால் செய்ய யாருக்கு நேரம்?

வினாவாரியாக மதிப்பெண்ணைத் தட்டச்சு செய்துவிட்டால் சைக் தொகுப்பு ஒரு நொடியில் இதற்கு இணையான கணக்கைச் செய்கிறது. ஒரு வினா மொத்த மதிப்பெண்ணுக்கு எதிர்த் திசையில் சென்றால் எச்சரிக்கவும் செய்கிறது. எனக்கு அப்படி ஒரு எச்சரிக்கை வந்தது. நான் தயாரித்த ஒரு மதிப்பெண் வினா அது. "மலைக் கோயிலுக்கு 365 படிகள். 5 படிக்கு ஒரு விளக்கு வைத்தால் எத்தனை விளக்குகள்?" என் விடை 73. சுமாராகப் படிப்பவர்கள் பலர் வகுத்து 73 என்று எழுதியிருந்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள் பலர் 74 என்று எழுதி மதிப்பெண் இழந்திருந்தார்கள். கேட்டபோது, "அடிவாரத்துல ஒரு விளக்கு வேணாமா சார்?" என்றார்கள். தவறு வினாவில் இருந்தது. கவனக்குறைவு என்று அவர்களை நான் கடிந்துகொண்டது வீண். இரு விடைகளுக்கும் மதிப்பெண் கொடுத்தேன்.

கவனத்தில் கொள்ள வேண்டியவை

பத்தாம் வகுப்புப் பாடநூலில் திட்ட விலக்கம் காண உறுப்புகளின் எண்ணிக்கையால் வகுக்கிறோம். டூல்பாக்கும் ஆர் மொழியும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்து வகுக்கின்றன. 2, 4, 4, 4, 5, 5, 7, 9 என்ற எண்களுக்குக் கரும்பலகையில் விடை 2, கணினியில் 2.14. இரண்டும் சரியே. முதலாவது முழுத்தொகுதிக்கு, அடுத்தது மாதிரிக்கு. எக்செல்லில் 'எஸ்டிடெவ்.பி' சூத்திரம் பாடநூல் விடையைத் தரும். இதை வகுப்பில் காட்டினால் மாணவர்கள் வகுத்தியின் பொருளையே கேட்கத் தொடங்குவார்கள்.

இரண்டு பட்டியல்களை டிப்ளையரில் இணைக்கும்போது பெயரை நம்பாதீர்கள். எங்கள் எல்லைப்புற ஊரில் ஒரே பையன் ஒரு பட்டியலில் வெங்கடேசன், இன்னொன்றில் வெங்கடேஷ், வேறொன்றில் வெங்கடேஸ்வரலு. கணினிக்கு அவர்கள் மூன்று பேர். எமிஸ் எண்ணை வைத்து இணைப்பதே சரி. அதேபோல மாணவரின் பெயரும் எமிஸ் எண்ணும் உள்ள கோப்பை வெளியாருக்கு அனுப்பவோ இணையத்தில் ஏற்றவோ கூடாது. உதவி கேட்க வேண்டுமானால் அவற்றை நீக்கிவிட்டு 1, 2, 3 என்று எண் கொடுத்து அனுப்பலாம்.

கற்க விரும்புவோருக்கு மும்பை ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் ஆர் மொழிக்கான காணொலிப் பாடங்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. முதல் நாளே எல்லாத் தொகுப்புகளையும் நிறுவ வேண்டாம். ஒரு வகுப்பு, ஒரு தேர்வு, ஒரு சராசரி என்று தொடங்குங்கள்.

அந்த மாணவிக்கு மறுதேர்வு வைத்தேன். அவள் பெற்ற மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றி, பட்டியலிலிருந்து பெயரை நீக்கி, வகுப்பிலேயே அதை வாசித்தேன். அடுத்த தேர்வு முடிந்து உங்கள் பட்டியலைத் தயாரிக்கும்போது, அதில் உள்ள ஒவ்வொரு பூஜ்ஜியத்தையும் ஒருமுறை பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எழுதிப் பெற்ற பூஜ்ஜியம் எது, நாம் போட்ட பூஜ்ஜியம் எது என்று அப்போது தெரிந்துவிடும்.