வழியில் கிளட்ச் பழுதானால்

மாலை நேரம். கமுந்திங் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து தொழிலாளர்கள் மோட்டார் சைக்கிள்களில் வீடு திரும்புகின்றனர். சாலைச் சமிக்ஞை விளக்கை நெருங்கும் ஓர் இளைஞர், வண்டியை நிறுத்துவதற்காகக் கிளட்ச் பிடியை அழுத்துகிறார். 'டக்' என்று ஓர் ஓசை. பிடி தளர்ந்து ஆடுகிறது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிடுகிறது. பின்னால் வந்த லாரி பலமாக ஹார்ன் அடிக்கிறது. அடுத்த சில நொடிகளில் அவர் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே அவரது பாதுகாப்பு அமையும்.

மலேசியாவில் 16 வயது நிரம்பியவர்கள் 'பி2' மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம். நம்மில் பலர் விரைவில் அந்த உரிமத்தைப் பெறவிருக்கிறோம். அதே வேளையில், நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போருள் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்களே என்பதையும் மறக்கக்கூடாது. ஆகவே, வண்டியை ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வழியில் அது பழுதானால் என்ன செய்வது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

முதலில் கிளட்ச் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். உங்கள் இரு உள்ளங்கைகளையும் ஒன்றோடொன்று இறுக அழுத்தி, ஒரு கையைத் திருப்புங்கள். மற்றொரு கையும் சேர்ந்து திரும்பும். கைகளைச் சற்று விலக்கிவிட்டால் ஒன்று திரும்பினாலும் மற்றொன்று அசையாது. கிளட்ச்சின் தத்துவமும் இதுதான். அதனுள் உராய்வுத் தட்டுகளும் எஃகுத் தட்டுகளும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். சுருள்வில்கள் அவற்றை இறுக அழுத்திப் பிடித்திருப்பதால், இயந்திரத்தின் ஆற்றல் கியருக்கும் பின்சக்கரத்திற்கும் செல்கிறது. நாம் பிடியை அழுத்தும்போது, அதனோடு இணைந்த எஃகுக் கேபிள் இழுக்கப்பட்டுத் தட்டுகள் விலகுகின்றன. அப்போது இயந்திரம் சுழன்றாலும் சக்கரத்திற்கு ஆற்றல் செல்லாது.

எல்லா மோட்டார் சைக்கிள்களிலும் கிளட்ச் பிடி இருப்பதில்லை. நாம் 'காப்சாய்' என்றழைக்கும் சிறிய வண்டிகள் பலவற்றில் அது கிடையாது. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் 1958-ஆம் ஆண்டு வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டியே இவ்வகைக்கு முன்னோடியாகும். இடக்கைக்கு வேலை கொடுக்காத தானியங்கிக் கிளட்ச் அதில் பொருத்தப்பட்டிருந்தது. இயந்திரம் வேகமாகச் சுழலும்போது அதனுள் இருக்கும் எடைகள் வெளிப்புறமாக விலகி, கிளட்ச்சைத் தாமாகவே பிடிக்கச் செய்கின்றன. கியர் மிதியை அழுத்தும்போது கிளட்ச் தானே விலகிக்கொள்கிறது. இத்தகைய வண்டியில் அறுந்து போவதற்குக் கிளட்ச் கேபிளே இல்லை. ஆனால், தேய்மானம் இதற்கும் உண்டு.

கிளட்ச் பெரும்பாலும் இரண்டு வகையில் பழுதாகிறது. முதல் வகை, கேபிள் அறுந்து போவது. கேபிள் என்பது பல மெல்லிய எஃகு இழைகளை முறுக்கிச் செய்த கம்பி. பிடிக்கு அருகே அது அடிக்கடி வளைவதால், அங்கேதான் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. தைப்பிங், கமுந்திங் வட்டாரம் தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. வெளியில் நிறுத்தப்படும் வண்டிகளின் கேபிளுக்குள் நீர் புகுந்தால் துரு பிடிக்கும். துரு ஏறிய கேபிள் விரைவில் அறுந்துவிடும்.

இரண்டாவது வகை, கிளட்ச் வழுக்குவது. தட்டுகள் தேய்ந்துவிட்டால் ஒன்றையொன்று இறுகப் பிடிக்க முடியாது. கோலகங்சார் செல்லும் வழியிலுள்ள புக்கிட் பெராப்பிட் போன்ற மேட்டில் ஏறும்போது இது நன்றாகத் தெரியும். இயந்திரம் இரைந்து கத்தும். ஆனால் வண்டியின் வேகம் கூடாது. சில வேளைகளில் கருகிய வாடையும் வீசும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிள் அறுந்தால் பதற்றப்படக்கூடாது. கேபிள் அறுந்ததால் பிரேக் பழுதாகிவிடுவதில்லை. வண்டி உடனே நின்றுவிடுவதும் இல்லை. முதலில் முறுக்குப் பிடியை மெல்லத் தளர்த்தி வேகத்தைக் குறைக்க வேண்டும். பின்னால் வரும் வாகனங்களைக் கண்ணாடியில் கவனித்து, இடப்பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டு, சாலையின் இடது ஓரத்திற்கு வர வேண்டும். வண்டி மெதுவாக உருளும்போது கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, 'நியூட்ரல்' நிலைக்குக் கொண்டுவர முயல வேண்டும். முடியாவிட்டால் இயந்திரத்தை அணைத்துவிட்டுப் பிரேக் பிடித்து நிற்கலாம். கடைசியில் வண்டி ஒருமுறை குலுங்கும். அதை எதிர்பார்த்துக் கைப்பிடியை உறுதியாகப் பற்றியிருந்தால் விழ மாட்டோம்.

நின்ற பிறகு செய்யும் தவறுகளே பெரும்பாலும் ஆபத்தை விளைவிக்கின்றன. கியரில் இருக்கும்போதே இயந்திரத்தை முடுக்கினால் வண்டி திடீரென முன்னே பாயும். எனவே, நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்யாமல் முடுக்கக் கூடாது. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஓடி, ஏறி அமர்ந்து கியர் போடும் முறையைச் சிலர் கையாள்வர். அனுபவமில்லாதவர்கள் இதை முயன்றால் தடுமாறி, வாகனங்களுக்கு நடுவே விழ நேரிடும்.

மற்றொரு பழக்கமும் நம் நாட்டில் காணப்படுகிறது. பழுதான வண்டியை நண்பர் ஒருவர் தம் வண்டியில் அமர்ந்தபடி ஒரு காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டே வருவார். இது நல்ல மனத்துடன் செய்யப்படும் உதவிதான். ஆனாலும், அப்போது இருவரில் எவராலும் தம் வண்டியை முழுமையாகக் கட்டுப்படுத்த முடியாது. ஒரு சிறு குழியோ திடீர்ப் பிரேக்கோ போதும், இருவரும் கீழே விழுவதற்கு. உண்மையில் உதவ விரும்பும் நண்பர், பட்டறைக்காரரை அழைத்து வரலாம். அல்லது வண்டியை ஏற்றிச் செல்லும் வாகனத்திற்கு ஏற்பாடு செய்யலாம்.

நெடுஞ்சாலையில் கூடுதல் கவனம் தேவை. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் அவசரத் தடம் பாதுகாப்பான இடம் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால், மோட்டார் சைக்கிளோட்டிகள் பலர் அத்தடத்திலேயே விரைந்து வருவதுண்டு. ஆகவே, வண்டியை இயன்ற அளவு ஓரமாக நிறுத்திவிட்டு, நாம் இரும்புத் தடுப்புக்கு அப்பால் சென்று நிற்க வேண்டும். பிளஸ் நிறுவனத்தின் 1800-88-0000 என்ற எண்ணுக்கு அழைத்து உதவி கேட்கலாம். அருகிலுள்ள கிலோமீட்டர் பலகையின் எண்ணைச் சொன்னால், உதவிக்கு வருவோர் எளிதில் நம்மைக் கண்டுபிடிப்பர். இருட்டிலும் மழையிலும் ஒளி பிரதிபலிக்கும் மேலங்கி அணிந்திருப்பது நல்லது.

கிளட்ச் வழுக்கினால், பின்னால் அமர்ந்திருப்பவரை இறக்கிவிட்டு, வேகத்தைக் குறைத்து, அருகிலுள்ள பட்டறை வரை மெல்லச் செல்லலாம். முன்னதாகப் பிடியின் தளர்வைச் சோதிக்க வேண்டும். பிடியின் நுனி, கேபிளை இழுக்கத் தொடங்குவதற்கு முன் சிறிது தூரம் தளர்வாக அசைய வேண்டும். பல வண்டிகளில் இது 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை இருக்கும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். தளர்வே இல்லையென்றால், தட்டுகள் முழுமையாகச் சேராமல் வழுக்கும். பிடிக்கருகே உள்ள திருகியைச் சற்றுத் தளர்த்தினாலே சில வேளைகளில் சிக்கல் தீர்ந்துவிடும்.

எண்ணெயும் முக்கியம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் இயந்திர எண்ணெயிலேயே கிளட்ச்சும் மூழ்கியிருக்கிறது. கார்களுக்கான சில எண்ணெய்களில் உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டிருக்கும். அவற்றை ஊற்றினால் கிளட்ச் வழுக்கக்கூடும். ஆகவே, இத்தகைய வண்டிக்கு எண்ணெய் வாங்கும்போது புட்டியில் 'ஜாசோ எம்.ஏ.' என்ற தரக்குறியீடு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பழுது வரும் முன்பே பல வேளைகளில் வண்டி நம்மை எச்சரிக்கிறது. பிடி கடினமாவது, கேபிள் நுனியில் இழைகள் பிரிந்து நிற்பது, கியர் மாற்றும்போது சிக்குவது ஆகியவை அந்த எச்சரிக்கைகள். புதிய கேபிளின் விலை அதிகமன்று. அதை மாற்றத் தயங்குபவர், பின்னர் சாலை நடுவே தவிக்க நேரிடும். 'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது பழமொழி. ஒரு மெல்லிய கம்பிதானே என்று அலட்சியம் செய்யாமல், வாரம் ஒரு முறையாவது அதைத் தொட்டுப் பார்ப்போம். வீட்டில் அண்ணனோ அப்பாவோ நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் செல்கிறார் என்றால், இன்று மாலை அவருடைய வண்டியிலிருந்தே இந்தச் சோதனையைத் தொடங்கலாம்.