காது கேளாதவர் சாட்சி சொன்னால் செல்லுமா?
சந்தேகங்களும் விளக்கங்களும்

வாய் பேச முடியாதவரின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்குமா?

ஏற்கும். எழுத்திலோ சைகையிலோ நீதிமன்றத்தில் அவர் சொல்வது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் 125-வது பிரிவு இது. மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்புக் கல்வியாளரின் உதவி வேண்டும், வாக்குமூலத்தை வீடியோ எடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

அப்பாவோ அண்ணனோ சைகையை விளக்கினால் போதாதா?

வழக்கு உடைவது பெரும்பாலும் இங்கேதான். ராஜஸ்தானில் ஒரு கொலை. நேரில் பார்த்ததாகச் சொன்னவர் இறந்தவரின் மனைவி, காது கேளாதவர். அவருடைய சைகைகளை விளக்கியவர் பெற்ற தந்தை. வழக்கில் அக்கறை உள்ளவர் அவர், சத்தியப்பிரமாணமும் செய்துவைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் விடுதலையை 2012-இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அந்தப் பெண் விசாரணையின்போது தந்தையின் தொலைபேசி எண்ணைத் தன் கையாலேயே எழுதிக் காட்டியிருக்கிறார். கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பதிலை எழுதி வாங்கியிருக்கலாமே என்று நீதிபதிகள் கேட்டார்கள். கண்ணால் பார்த்தவர் இருந்தும் அவர் சொன்னது வீணாய்ப் போனது வேதனைதான்.

விளக்கத்தை மட்டும் எழுதிக்கொண்டால் என்ன?

கூடாது. சாட்சி காட்டிய சைகையும் பதிவாக வேண்டும். “அடித்தாரா?” என்று சைகையில் கேட்பவர் கையால் அடிப்பதுபோலக் காட்டுவாரா, கட்டையால் அடிப்பதுபோலவா? கேள்வியிலேயே பதில் நுழைந்துவிடும். வீடியோ இருந்தால்தான் எதிர்த்தரப்பும் மேல் நீதிமன்றமும் அதைச் சரிபார்க்க முடியும்.

எல்லோரிடமும் எழுதியே கேட்டுவிடலாமா?

நன்றாகப் படித்தவர்களிடம் கேட்கலாம். சைகையையே தாய்மொழியாகக் கொண்டு வளர்ந்த பலருக்கு வாக்குமூலத் தமிழ் எட்டாது. காவல் நிலையத்தில் “புரிகிறதா?” என்றால் தலையாட்டுவார்கள்; நீங்கள் பேசுவதைக் கவனிக்கிறேன் என்பதாகவும் அது இருக்கலாம். அந்தத் தலையசைப்பைச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது அநீதி.

புகார் கொடுக்க ஸ்டேஷனுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமா?

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளி போக வேண்டியதில்லை. அவர் வீட்டிலோ அவர் சொல்லும் இடத்திலோ, மொழிபெயர்ப்பாளர் முன்னிலையில் போலீஸார் புகாரைப் பதிவுசெய்ய வேண்டும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால்?

மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம். சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் அந்த மனுவிலேயே எழுதிவிடுங்கள்.