லெவிட்டவுன்: வீடும் நிறமும்

1947-இல் நியூயார்க் நகரை அடுத்த லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயல்களில் வில்லியம் லெவிட்டின் நிறுவனம் வீடுகள் கட்டத் தொடங்கியது. கார் தொழிற்சாலையில் வண்டி நகரும், ஆட்கள் நிற்பார்கள். இங்கே வீடு நின்றது, ஆட்கள் நகர்ந்தார்கள். ஒரு குழு கான்கிரீட் தளம் போட்டுவிட்டு அடுத்த மனைக்குப் போகும். பின்னாலேயே தச்சர்கள் வருவார்கள். வீடு வீடாகப் போய் வாஷிங் மெஷினைத் தரையோடு போல்ட் போட்டு முறுக்குவது மட்டுமே ஒருவருடைய வேலை. வேலை உச்சத்தில் இருந்தபோது நாளொன்றுக்கு 30 வீடுகள்வரை முடிந்தன. 1951-க்குள் லெவிட்டவுன் என்ற இந்தக் குடியிருப்பில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன.

1949-இல் வீட்டின் விலை 7,990 டாலர். இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர் முன்பணமே கட்ட வேண்டியதில்லை. லெவிட்டின் கெட்டிக்காரத்தனம் பாதிதான். மீதி அரசின் கைங்கரியம். 1934-இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகமும், 1944-இன் போர்வீரர் நலச் சட்டமும் கடனுக்குப் பொறுப்பேற்றதால், வங்கிகள் தயங்காமல் நீண்டகாலக் கடன் கொடுத்தன.

அந்த உத்தரவாதம் எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கறுப்பர்கள் குடியேறினால் சொத்தின் மதிப்பு விழும் என்பதே வீட்டுவசதி நிர்வாகத்தின் கணக்கு. டெட்ராய்ட்டில் கறுப்பர் குடியிருப்பை ஒட்டி வெள்ளையருக்கு வீடு கட்ட முனைந்த ஒருவருக்கு அது முதலில் கைவிரித்தது. 1941-இல் இடையே அரை மைல் நீளத்துக்கு, ஆறடி உயரத்தில் சுவர் எழுப்பிய பிறகே கடன் வந்தது. அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. மிசிசிப்பியில் 1947-இல் போர்வீரர்களுக்கு அரசு உத்தரவாதத்துடன் கிடைத்த 3,229 கடன்களில் கறுப்பருக்குப் போனவை இரண்டே இரண்டு.

லெவிட்டவுனின் தொடக்ககால வாடகை ஒப்பந்தத்தில் வெள்ளையர் தவிர வேறு யாரும் குடியிருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருந்தார்கள். இத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்த வாசகம் போனது, வழக்கம் போகவில்லை. 1957-இல், லெவிட் பென்சில்வேனியாவில் கட்டிய இன்னொரு லெவிட்டவுனில் மையர்ஸ் என்ற கறுப்பினக் குடும்பம் வெள்ளையர் ஒருவரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறியதும், கூட்டம் கூடிக் கல்லெறிந்தது. மாநிலக் காவல்துறை வரவேண்டியிருந்தது.

வங்கிக் கடன் மறுக்கப்பட்டவர்கள் சிகாகோ போன்ற நகரங்களில் தவணை ஒப்பந்தத்தில் சிக்கினார்கள். கடைசித் தவணை கட்டும்வரை பத்திரம் விற்றவரிடமே இருக்கும். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், கட்டிய பணமும் போகும்.

வீட்டு விற்பனையிலும் வாடகையிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில் வந்தது. அதற்குள் புறநகர் வீடுகளின் விலை ஏறியிருந்தது. அந்த ஏற்றம் வெள்ளையர் குடும்பங்களின் சேமிப்பாகிப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. 1960-இல் வெள்ளையரில் சுமார் 64 சதவீதத்தினருக்கும் கறுப்பரில் சுமார் 38 சதவீதத்தினருக்கும் சொந்த வீடு இருந்தது. இரு தரப்பிலும் விகிதம் கூடியிருந்தாலும், இன்றைய இடைவெளி அன்றையதைவிடக் குறைவல்ல.